ஜுகோவ்ஸ்கியின் குழாய்கள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கோவை மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் விரிவுரையாளராக இருக்கிறேன். பாய்ம இயக்கவியல் பாடம் என்னுடையது. இறக்கையின் தூக்குவிசையைச் சொல்லும் குட்டா-ஜுகோவ்ஸ்கி தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதியபோது, யார் இந்த ஜுகோவ்ஸ்கி என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். ‘ரஷ்ய விமானவியலின் தந்தை’ என்கிறார்கள். ஆனால் அவர் விமானம் எதையும் கட்டியதாகத் தெரியவில்லை. படித்தது கணிதம். பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, தேர்வில் தோற்றுத் திரும்பியிருக்கிறார். இவரைப் பொறியாளர் என்று சொல்லலாமா? ஜெர்மனியின் குட்டா 1902-லேயே எழுதிவிட்ட ஒன்றுக்கு இவர் பெயரும் ஒட்டிக்கொண்டது சோவியத் அரசின் பிரச்சாரத்தால்தானா?

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. டிப்ளமோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் எங்களைப் போன்றவர்கள் ஆராய்ச்சி பற்றி யோசிக்கக்கூட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பெரிய மனிதர்களின் கதை எதற்கு என்று சில சமயம் தோன்றுகிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். எங்கள் வளாகத்தில் கிணற்றிலிருந்து மேட்டிலுள்ள ஹாஸ்டல் டேங்க்குக்கு 3 அங்குல ஜிஐ பைப் போகிறது. நீளம் 280 மீட்டர், ஏற்றம் 32 மீட்டர், 10 எச்.பி. மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருப்பது). பாதி வழியில் ஒரு பாறை மேட்டில் பைப் ஏறி இறங்கும். மணிக்குச் சுமார் 29,000 லிட்டர் ஏறுகிறது. கரண்ட் போனால் மோட்டார் ரூமில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் என்ஆர்வி வால்வுக்குப் பக்கத்து ஃபிளேஞ்ச் இணைப்பில் கேஸ்கெட் இரண்டு முறை பிய்ந்துவிட்டது. பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். அழுத்தம் தாங்கவில்லை, பைப் மெல்லியது, கனமான பைப் போட வேண்டும் என்று சொன்னேன். நிர்வாகத்துக்கும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதற்கும் ஜுகோவ்ஸ்கிக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று படித்த ஞாபகம். உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பொறியாளர்களின் வாழ்க்கையை நாம் ஏன் பட்டங்களாலும் சிலைகளாலும் மட்டுமே சொல்லிக்கொள்கிறோம் என்பதைச் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அதே இடத்தில் வந்து தொட்டது. அதனால்தான் இந்தப் பதில். ஆனால் நீங்கள் முதலில் வைத்த கேள்விகள் எனக்கு முக்கியமாகப் படவில்லை. ‘சின்ன விஷயம்’ என்று கடைசியில் ஒதுக்கினீர்களே, அதில்தான் ஜுகோவ்ஸ்கி இருக்கிறார்.

முந்தியது யார் என்ற வழக்கை முதலில் முடித்துவிடுகிறேன். குட்டா 1902-ல் வெளியிட்டது வளைந்த தகடு ஒன்றைப் பற்றியது. ஜுகோவ்ஸ்கி 1906-ல் எழுதியது எந்தக் குறுக்குவெட்டுக்கும் பொருந்தும் பொது விதி: காற்றின் அடர்த்தி, வேகம், இறக்கையைச் சுற்றிய சுழற்சி, இந்த மூன்றின் பெருக்கமே ஓரலகு நீளத்துக்கான தூக்குவிசை. இரண்டு பெயர்களும் சேர்ந்து நிற்பது நியாயம்தான். ‘ரஷ்ய விமானவியலின் தந்தை’ என்று அவரைச் சொன்ன, லெனின் கையெழுத்திட்ட ஆணை 1920 டிசம்பர் 3-ல் வந்தது. அடுத்த மார்ச் 17-ல் ஜுகோவ்ஸ்கி இறந்துவிட்டார். அந்த ஆணைக்கு 26 ஆண்டுகள் முன்பே, ஜார் காலத்தில், பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராக்கியிருந்தது. பிரச்சாரம் என்ற பேச்சை இதோடு விடுவோம்.

அவர் பொறியாளரா என்ற கேள்விக்குச் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதம் எனக்கு வருத்தமளித்தது. நிகோலாய் யெகோரோவிச் ஜுகோவ்ஸ்கி 1847-ல் விளதிமிர் மாகாணத்தின் ஒரேகோவோ கிராமத்தில் பிறந்தார். அப்பா போக்குவரத்துத் துறைப் பொறியாளர். மகனுக்கும் அந்த ஆசைதான். பீட்டர்ஸ்பர்க்கின் போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தில் சேர விரும்பினார். வீட்டு வசதி இடம் கொடுக்காததால் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1868-ல் முடித்தார். பிறகு பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தும் பார்த்தார். நில அளவைத் தேர்வில் தேறவில்லை, திரும்பிவிட்டார். 1870-ல் மாஸ்கோவில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். 1872 முதல் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளியை உயிர் போகும்வரை அவர் விடவில்லை.

அந்தப் பள்ளி எது தெரியுமா? 1830-ல், அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பட்டறைப் பள்ளி. கடைசல், தச்சு, வார்ப்பு, கொல்லுவேலை. 1868-ல்தான் உயர் தொழில்நுட்பப் பள்ளியாக ஆனது. அங்கே பட்டறையும் வகுப்பறையும் சேர்ந்தே இருந்தன. ‘டிப்ளமோ பிள்ளைகள்’ என்று நீங்கள் எழுதிய அந்தத் தொனியில் ஜுகோவ்ஸ்கி தன் மாணவர்களை நினைத்திருந்தால், 1909-ல் அங்கே உருவான விமானவியல் மாணவர் வட்டம் உருவாகியிருக்காது. காற்றுச் சுரங்கத்தையும் கிளைடரையும் மாணவர்களே தங்கள் கையால் செய்த வட்டம் அது. விமான வடிவமைப்பாளர் துப்பலேவ் அதிலிருந்து வந்தவர். ஹெலிகாப்டருக்கு வழிகாட்டிய யூரியெவும், எஞ்சின் கோட்பாட்டில் பெயர் பெற்ற ஸ்தேச்கினும் அங்கிருந்தே வந்தார்கள்.

1900-ல் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் முன்வைக்கப்பட்டது. ஏற்றால் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேற வேண்டும், மாஸ்கோ வகுப்புகளை விட வேண்டும். அவர் தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு நாட்டின் மிக உயர்ந்த அறிவுப் பதவியைவிடப் பட்டறைப் பள்ளியின் வகுப்பு பெரிது என்று நினைத்த மனிதரைப் பற்றிப் படித்துவிட்டு, ‘எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை எதற்கு’ என்று எப்படிக் கேட்டீர்கள்? உங்களுக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு?

பொறியாளர் பட்டமும் கடைசியில் வந்தது. 1911-ல், அவர் பணியாற்றத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடியபோது, அவருடைய பள்ளியே கௌரவ இயந்திரப் பொறியாளர் என்று அவரை அறிவித்தது. அதற்கு முன்பே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு வருகிறேன்.

1890களில் மாஸ்கோவுக்குப் புதிய குடிநீர்க் குழாய்கள் போடப்பட்டன. வார்ப்பிரும்புக் குழாய்கள். அவை வெடித்துக்கொண்டே இருந்தன. அழுத்தக் கணக்கின்படி வெடிக்கக் கூடாத இடங்களிலும் வெடித்தன. குடிநீர்த் துறைக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் நிகோலாய் ஸிமின், இந்தச் சிக்கலைப் பேராசிரியரிடம் கொண்டுவந்தார். 1897, 98-ல் அலெக்சேயெவ்ஸ்கயா நீரேற்று நிலையத்தில் சோதனைகள் நடந்தன. 2, 4, 6 அங்குலக் குழாய்கள் ஆயிரம் அடிக்கும் மேலான நீளத்தில் போடப்பட்டன. 24 அங்குலப் பெருங்குழாய் ஒன்றிலும் அளந்தார்கள். வழிநெடுக அழுத்தமானிகள்.

அத்தனை நீளம் ஏன் என்று உங்கள் மாணவர்களிடம் கேளுங்கள். இந்தக் கேள்வி ஒன்றே ஒரு வகுப்புக்குப் போதும். ஓடும் நீரை ஒரு முனையில் நிறுத்தினால், ‘நிறுத்தப்பட்டது’ என்ற சேதி மறுமுனைக்கு உடனே போய்விடுவதில்லை. சரக்கு ரயிலின் எஞ்சின் நின்றால் முதல் பெட்டி இடிக்கும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. கடைசிப் பெட்டிக்குச் சேதி போகும்வரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீரும் அப்படித்தான் அடுக்கடுக்காக நிற்கிறது. அந்தச் சேதி இரும்புக் குழாயில் வினாடிக்கு 1,000 முதல் 1,350 மீட்டர் வேகத்தில் போகிறது. தொட்டிவரை போய்த் திரும்பி வந்தால்தான் வால்வில் அழுத்தம் குறையத் தொடங்கும். அந்தப் போய்வரும் நேரத்துக்குள் வால்வு மூடிவிட்டால் அழுத்தத்தின் முழு அடியும் விழும். 15 மீட்டர் குழாயில் அந்த நேரம் வினாடியில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு. எந்தக் கையாலும் அவ்வளவு வேகமாக மூட முடியாது. ஆயிரம் அடிக் குழாயில் அரை வினாடி கிடைக்கிறது. அதனால்தான் ஆயிரம் அடி. ஆய்வுக்கூடத்து மேசைமேல் வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கிடைத்த விதி உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: அழுத்த உயர்வு என்பது நீரின் அடர்த்தி, அலையின் வேகம், நீர் இழந்த வேகம் ஆகிய மூன்றின் பெருக்கம். குழாயின் நீளம் இதில் வரவில்லை, வேலை செய்யும் அழுத்தமும் வரவில்லை. வார்ப்பிரும்புக் குழாயில் வினாடிக்கு ஓர் அடி வேகம் இழந்தால் சுமார் 4 வளிமண்டல அழுத்தம் கூடும். மாஸ்கோவில் வெடித்த இடங்களின் புதிரும் இதனால் அவிழ்கிறது: அலை ஒரு முட்டுக் கிளைக்குள் புகுந்தால், மூடிய முனையில் திரும்பும்போது இரட்டிப்பாகிறது. வால்வை மூடியது ஓரிடம், வெடித்தது வேறிடம். அழுத்தமானி வரைந்த கோட்டைப் பார்த்தே கசிவு எங்கே, காற்றுப் பை எங்கே என்று நீரேற்று நிலையத்தில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்கும் முறையையும் அந்த ஆய்வில் சொல்லியிருக்கிறார். வால்வை மெதுவாக மூடு, அடியை வாங்கிக்கொள்ளக் காற்று அடைத்த கலம் வை என்ற பரிந்துரைகளும் உண்டு. குழாய்ச் சுவரின் நெகிழ்ச்சி அலைவேகத்தைக் குறைக்கும் என்பதை டச்சு அறிஞர் கோர்டெவெக் 1878-லேயே எழுதியிருந்தார். ஜுகோவ்ஸ்கி அதை எடுத்துக்கொண்டு நிஜக் குழாயில் சரிபார்த்தார். இங்கேயும் யார் முந்தி என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி உங்கள் மோட்டார் ரூமுக்கு வருவோம். கனமான பைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். விதி உங்கள் கையில் இருந்தது, பைப்பின் நீளமும் நீரின் அளவும் தெரிந்திருந்தன. கணக்குப் போடாமல் பதில் சொல்லியிருக்கிறீர்கள். வாருங்கள், இப்போது போடுவோம்.

மணிக்கு 29,000 லிட்டர் என்றால் வினாடிக்கு 8 லிட்டர். 3 அங்குல ஜிஐ பைப்பின் உள்விட்டம் 80 மில்லிமீட்டர் என்று கொண்டால் குறுக்குப்பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். ஆக வேகம் வினாடிக்கு 1.6 மீட்டர். சுவர் 4 மில்லிமீட்டர், விட்டம் அதைப்போல 20 மடங்கு. நீரின் அமுக்கக் குணகத்தை எஃகின் மீள்குணகத்தால் வகுத்தால் 0.011. இருபதால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 1.22. அதன் வர்க்கமூலம் 1.105. சுவரே நெகிழாத குழாய் என்றால் அலைவேகம் 1,480 மீட்டர், அதை 1.105-ஆல் வகுத்தால் 1,340. இதுதான் உங்கள் பைப்பில் வினாடிக்கு அலை ஓடும் வேகம். 280 மீட்டர் போய்த் திரும்ப 0.42 வினாடி. ஓடும் நீர் முழுவதையும் அதற்குள் நிறுத்தினால் கூடும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 22 கிலோ. ஓடும்போது இருக்கும் 4.3 கிலோவைச் சேர்த்தால் 26.

இப்போது பைப்பைக் கனமாக்குங்கள். சுவர் 4-லிருந்து 4.8 மில்லிமீட்டர். பைப் விறைப்பாகிறது, அலைவேகம் 1,360 ஆகிறது, அடி ஒன்றரை சதவீதம் கூடுகிறது. குறையவில்லை, கூடுகிறது! பைப் அதைத் தாங்கும், சரி. ஆனால் உங்கள் பைப் எப்போது வெடித்தது? பிய்ந்தது கேஸ்கெட். 280 மீட்டர் பைப்பை மாற்றினாலும் அதே ஃபிளேஞ்ச், அதே மூன்று மில்லிமீட்டர் ரப்பர்தானே? அடுத்து பலவீனமானது பம்பின் வார்ப்பிரும்பு உடம்பு. அது பிளந்தால் கேஸ்கெட் விலையில் முடியாது. பைப்பை மாற்றியே ஆக வேண்டும் என்றால் சுவரைப் பார்க்காதீர்கள், விட்டத்தைக் கூட்டுங்கள். 4 அங்குலத்தில் அதே நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில்தான் ஓடும். அடி அந்த விகிதத்தில் குறையும், உராய்வும் குறையும். பிவிசி போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். மெல்லிய பிவிசியில் அலைவேகம் 300 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும், அடியும் நான்கில் ஒரு பங்காகும். ஆனால் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓட்டத்தில் 4 கிலோவுக்கு மேல் இன்னமும் கூடும். 6 கிலோ பைப்பில் ஏற்கெனவே 4 கிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் ஓர் அடி வாங்கி, சில வருடங்களில் சாக்கெட் பக்கத்தில் விரிசல் விடும்.

உங்கள் பிரச்சினை பைப்பில் இல்லை, என்ஆர்வியில் இருக்கிறது. கரண்ட் போனதும் நடப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மோனோபிளாக்கில் சுழலும் பாகத்தின் எடை குறைவு, ஒரு நொடியில் தள்ளும் சக்தி போய்விடும். முதலில் வருவது உயர் அழுத்தம் அல்ல, அழுத்த வீழ்ச்சி. பைப்பில் இருக்கும் 1,400 கிலோ நீர் இன்னமும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. 32 மீட்டர் ஏற்றமும் உராய்வும் அதைப் பின்னுக்கு இழுக்கின்றன. 1.6 மீட்டர் வேகம் ஏறக்குறைய 1.2 வினாடியில் பூஜ்யமாகிறது. அந்தக் கணத்தில் என்ஆர்வி மூடியிருந்தால் சத்தமே வராது. ஆனால் உங்களிடம் இருப்பது கீலில் தொங்கும் ஃபிளாப் வகையாகத்தான் இருக்கும். அது திறந்த நிலையிலிருந்து நெடுந்தூரம் சுழன்று வந்து விழ வேண்டும். கிணற்று நீரின் இரும்புக் கறை கீல் ஊசியில் படிந்திருந்தால் இன்னும் தாமதிக்கும். 0.4 வினாடி தாமதித்தது என்று வையுங்கள். அதற்குள் நீர் கீழ்நோக்கி 0.45 மீட்டர் வேகம் பிடித்துவிடும். ஃபிளாப் அப்போது அறைந்து மூடும். கூடும் அழுத்தம் 6 கிலோ. நிலைநீர் அழுத்தம் 3.2; ஆக 9 கிலோவுக்கு மேல். அதுதான் உங்கள் ‘டமார்’. அதற்குச் சற்று முன்புதான் அந்த கேஸ்கெட் அழுத்த வீழ்ச்சியில் உள்ளே இழுபட்டிருக்கிறது. உள்ளே இழுத்து உடனே வெளியே அறைந்தால் எந்த ரப்பர் நிற்கும்?

ஆகவே முதலில் என்ஆர்வியைக் கழற்றிப் பாருங்கள். கீல் ஊசி தேய்ந்திருக்கிறதா, ஃபிளாப் தன் எடையில் தாராளமாக விழுகிறதா? இல்லையென்றால் சுத்தம் செய்வதிலேயே பாதி அடி குறையும். நிரந்தரத் தீர்வு, ஸ்பிரிங் வைத்த நேர்த்தட்டு வகை. அதில் தட்டு நகர வேண்டிய தூரம் விட்டத்தில் கால் பங்கு, உங்களுக்கு 20 மில்லிமீட்டர். ஓட்டம் பூஜ்யத்தை நெருங்கும்போதே ஸ்பிரிங் மூடிவிடும். பதிலுக்கு ஓட்டத்தில் கொஞ்சம் அழுத்த இழப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். வால்வைப் பம்பின் டெலிவரியை ஒட்டியே வையுங்கள். கிணற்றில் உறிஞ்சு பைப்பின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறதே, என்ஆர்வி எதற்கு என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் கேட்காதீர்கள். அப்படி விட்டால் முழு அடியும் பம்பின் உடம்புக்குப் போகும்.

காற்றுக் கலம் வைக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். நல்ல யோசனைதான், ஆனால் முதலில் செய்வதல்ல. உங்கள் லைனுக்கு ஓடும்போது 100 லிட்டர் காற்று இருக்கும்படி 200 லிட்டர் கலம் போதும். கரண்ட் போனால் காற்று விரிந்து அதிகபட்சம் 170 லிட்டர்வரை போகும், அழுத்தம் 2 கிலோவுக்குக் கீழே போகாது. ஆனால் பழைய ஃபிளாப் வால்வை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் காற்றுக் கலத்தைப் பொருத்தினால் நிலைமை மோசமாகும். கலத்திலிருக்கும் நீர் உடனே பம்பை நோக்கித் திரும்பும், ஃபிளாப் முன்னைவிட வேகமாக அறையும். பணம் செலவழித்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் முதலில் வால்வு, பிறகு தேவைப்பட்டால் கலம். காற்று நீரில் கரைந்து குறைந்துகொண்டே போகும் என்பதால், மட்டம் பார்க்கக் கண்ணாடிக் குழல் வேண்டும், அல்லது ரப்பர் பை வைத்த கலமாக வாங்க வேண்டும்.

கையால் நிறுத்தும் நாட்களில் மோட்டாரை அணைப்பதற்கு முன் கேட் வால்வை மூடச் சொல்லுங்கள். முக்கால்வாசி மூடும்வரை ஓட்டம் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் நீளமான பைப்பில் தடையின் பெரும்பகுதி ஏற்றமும் பைப்பின் உராய்வும்தான். கடைசி இரண்டு மூன்று சுற்றுகளில்தான் உண்மையில் நீர் நிற்கிறது. அந்தச் சுற்றுகளைத்தான் மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். ஆனால் எல்லாரும் அவசரப்படுவதும் அங்கேதான். ஓட்டும்போதும் அப்படியே: ஏறக்குறைய மூடிய நிலையில் ஸ்டார்ட் செய்து மெதுவாகத் திறங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால், கரண்ட் வந்து இரண்டு நிமிடம் கழித்து ஓடும்படி டைமரை வையுங்கள். பைப்பில் நீர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது பம்ப் மறுபடி தள்ளினால் இரண்டும் மோதும்.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்று பிள்ளைகளிடம் ஒப்பிக்காதீர்கள். அவர்களே அளக்கட்டும். அந்த மாணவிக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பதில் அதுதான். டேங்க்கின் நீளம், அகலம், பத்து நிமிடத்தில் ஏறும் மட்டம், மூன்றையும் அளந்தால் நீரின் அளவு கிடைக்கும். அதிலிருந்து வேகம், அலைவேகம், போய்வரும் நேரம். பிறகு என்ஆர்விக்கு மேல்பக்கம், பைப்பிலேயே அரை அங்குல டேப்பிங் (துளையிட்ட இணைப்பு) போட்டு, உச்ச அளவில் நின்றுவிடும் இரண்டாவது முள் உள்ள 0–25 கிலோ கேஜைப் பொருத்துங்கள். சாதாரண 7 கிலோ கேஜ் போட்டால் ஒரே அடியில் கெட்டுவிடும். நீளமான செப்புக் குழல் வைத்து இணைக்காதீர்கள். குழலில் காற்று இருந்தால் உச்சம் மழுங்கிவிடும், குறைந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவீர்கள். முள்ளின் சொந்த எடையாலும் உண்மையான உச்சத்தை அது சற்றுத் தவறவிடும். வினாடிக்கு ஆயிரம் முறை பதியும் அழுத்த உணரியைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் கேட்டு வாங்க முடிந்தால் அலை போய்த் திரும்பும் 0.42 வினாடியையே கோடாகப் பார்க்கலாம். எல்லாம் தயாரானதும் கேட் வால்வு முழுதாகத் திறந்திருக்க, ஸ்டார்ட்டரில் அணையுங்கள். கரண்ட் போனதற்குச் சமம். அப்போது ஃபிளேஞ்சுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. கண்டிப்பாக.

கணக்கில் 9 கிலோ வந்து, முள் 14-ல் நின்றால் மகிழ்ச்சியடையுங்கள், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். பெரும்பாலும் அது அந்தப் பாறை மேடு. அழுத்த வீழ்ச்சி அலை அங்கே போய்ச் சேரும்போது, மேட்டின் உச்சியில் அழுத்தம் வெற்றிடம் வரை இறங்கி, நீர்த்தூண் இரண்டாகப் பிரிந்து நீராவிப் பை உண்டாகும். பிறகு இரண்டு துண்டுகளும் திரும்பி வந்து மோதும். அந்த மோதல் என்ஆர்வி அடியின்மேல் ஏறி உட்காரும். வால்வை மாற்றியும் சத்தம் முழுதாக நிற்காவிட்டால் காரணம் இதுதான்.

இந்த வேலையை ஆராய்ச்சி என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். ஒரு நகரத்துக் குடிநீர்த் துறை கொண்டுவந்த கேள்விக்குத்தான் ஜுகோவ்ஸ்கியும் பதில் தேடினார். நிலத்தடி நீர் மணலில் எப்படி நகர்கிறது, அச்சுக்கும் தாங்கிக்கும் இடையில் எண்ணெய் எப்படி ஓடுகிறது, பாதையில் பனி எங்கே குவிகிறது என்றெல்லாம் அவர் எழுதியவையும் இந்த வகைக் கேள்விகள்தான். இறக்கையின் கணக்குக்கு அவர் வந்ததும் பாயும் ஒன்றை அளந்து பழகிய அதே கையோடுதான். 1895-ல் ஜெர்மனி போய், கிளைடரில் பறந்து காட்டிய லிலியெந்தாலைப் பார்த்தபோது, அவர் செய்த கிளைடர் ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார், மாணவர்கள் தொட்டுப் பார்க்க. 1918 டிசம்பரில், உள்நாட்டுப் போரின் நடுவே, 71 வயதில் மத்திய காற்றியக்கக் கழகத்தைத் தொடங்கித் தலைமையேற்றார். அடுத்த நிலையில் நின்றவர்கள் அந்த மாணவர் வட்டத்துப் பிள்ளைகள். 1920 மே மாதம் மகள் எலெனா காசநோயில் இறந்தாள். அதன்பின் அவர் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. அந்த மாணவியிடம் இதையும் சொல்லுங்கள், ஆனால் கேஜ் பொருத்திய பிறகு.

நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக எழுதுங்கள்: ஸ்பிரிங் வகை 80 மில்லிமீட்டர் என்ஆர்வி ஒன்று, இரட்டை முள் கேஜ் ஒன்று, டைமர் ஒன்று, பாறை மேட்டுக்கு 1 அங்குல ஏர் வால்வு ஒன்று, அதன் அடியில் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு பால் வால்வு. ஏர் வால்வு இரண்டு வேலையும் செய்யும் வகையாக இருக்க வேண்டும்: அழுத்தம் விழும்போது காற்றை உள்ளே விட வேண்டும், லைன் நிரம்பும்போது மெதுவாக வெளியேற்ற வேண்டும். சடாரென்று வெளியேற்றும் வகையாக இருந்தால் அதுவே புதிய அடிக்குக் காரணமாகும். டேப்பிங்கைப் பைப்பின் மேல்முதுகில், மேட்டின் மிக உயர்ந்த புள்ளியில் போடச் சொல்லுங்கள். வெல்டருக்கு வசதி என்று பக்கவாட்டில் போட்டால் காற்று முதுகிலேயே தங்கிவிடும். கேஜின் எண்கள் கிடைத்ததும், வால்வு மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்